ஆற்றின் கணக்கை யார் எழுதுவது?

(ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



ஆறுகளைப் பற்றி இன்று மாலை சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். ஆற்றைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது, தண்ணீர் வந்தால் பாய்ச்சுவோம், வராவிட்டால் வானத்தைப் பார்ப்போம், இதற்கு ஒரு கூட்டமும் ஒரு பிரசங்கமுமா என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தோம். ஆனால் வெப்ப நாட்டு ஆறுகளைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் கண்டு எழுதியிருக்கிறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துப் பார்த்ததில், தினம் ஆற்றில் குளித்து, ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசி, ஆற்று மணலிலேயே விளையாடி வளர்ந்தும் ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாமலே இருந்து விட்டோம் என்பது நமக்குத் தெரிய வந்தது. அந்த வெட்கத்தை உங்களோடு பங்கு போட்டுக் கொள்ளவே இன்று வந்திருக்கின்றோம். (சிரிப்பு)

தோழர்களே! ஆற்றைப் பற்றி நம் ஜனங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு அபிப்பிராயங்கள்தான் உண்டு. ஒன்று, ஆறு என்பது தாய், தெய்வம். ஆதலால் மஞ்சளும் குங்குமமும் கரைத்துக் கும்பிட வேண்டும் என்பது. மற்றொன்று, கடலில் போய் விழுகிற தண்ணீரெல்லாம் வீண்; ஆதலால் ஒரு சொட்டு விடாமல் கட்டி நிறுத்த வேண்டும் என்பது. முதல் அபிப்பிராயம் படிக்காதவர்களுடையது என்றும், இரண்டாவது படித்தவர்களுடையது என்றும் சொல்லுவார்கள். நமக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. ஏனெனில், கும்பிடுகிறவனும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. வீண் என்கிறவனும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இந்தத் தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் என்ன வேலை செய்து கொண்டு போகிறது என்பதுதான் அந்தக் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுடைய கதை ஒன்றை இன்று சொல்லப் போகின்றோம். அது நம் ஆற்றின் கதையல்ல; மேக்கொங் என்னும் ஆற்றின் கதை. நம் ஆற்றை விட்டுவிட்டுக் கடல் கடந்த ஆற்றைப் பற்றி ஏன் பேச வேண்டுமென்றால், அடுத்த வீட்டு வழக்கில் நியாயம் நமக்குச் சீக்கிரம் விளங்கும். நம் வீட்டு வழக்கில் கோபம்தான் முன்னே வரும். அங்கே விளங்கிய நியாயத்தை இங்கே கொண்டு வருவது சுலபம்.

திரும்பி ஓடும் ஆறு

மேக்கொங் திபேத்து மேட்டு நிலத்தில் பிறந்து, சீனா, மியன்மார், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய ஆறு தேசங்களின் வழியாக நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் கலக்கின்றது. கம்போடியாவில் புனோம் பென் என்கிற தலைநகரத்தண்டை டோன்லே சாப் என்கிற ஆறு வந்து இதில் சேருகின்றது. அந்த ஆற்றின் தலைமாட்டில், சுமார் 120 கிலோமீட்டருக்கு அப்பால், அதே பெயருள்ள ஒரு பெரிய ஏரி இருக்கின்றது. கோடைக் காலத்தில் அந்த ஏரியின் தண்ணீர் ஆற்று வழியாக இறங்கி மேக்கொங்கில் விழுகின்றது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் மழைக்காலம் வந்ததும் என்ன நடக்கின்றது? டோன்லே சாப் ஆறு அப்படியே திரும்பிக் கொள்ளுகின்றது. எந்த ஏரியிலிருந்து இறங்கி வந்ததோ அந்த ஏரியை நோக்கியே மாதக் கணக்கில் ஓடுகின்றது. பிறகு ஐப்பசி, கார்த்திகை வாக்கில் மறுபடியும் திரும்பிக் கீழே ஓடுகின்றது. ஓர் ஆறு வருஷத்துக்கு இரண்டு தடவை திசை மாறுகின்றதென்றால் நம் ஊரில் அதற்கு எத்தனை புராணம் எழுதியிருப்பார்கள், எத்தனை உண்டியல் வைத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். (சிரிப்பு) அங்கும் சடங்குகள் இல்லாமலில்லை. தண்ணீர் திரும்பும் காலத்தில் படகுப் பந்தயத்தோடு பெரிய திருவிழா நடக்கின்றது. ஒரு கயிற்றை அறுத்துத் தண்ணீரைக் கடலுக்குப் போக விடுவதாக ஒரு சடங்கும் அரசர் முன்னிலையில் நடந்து வந்தது. கயிற்றை அறுக்காவிட்டால் தண்ணீர் நின்று விடுமா என்று யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

காரணம் மிகச் சாதாரணமானது. மழைக்காலத்தில் மேக்கொங்கின் நீர்மட்டம் பல மீட்டர் உயருகின்றது. ஏரியின் மட்டத்தை விட மேலே போய் விடுகின்றது. தண்ணீருக்கு மேல் எது, கீழ் எது என்கிற ஒரே சட்டந்தான் தெரியும். எது தாழ்வோ அங்கே போகும். ஆகவே ஏரிக்குள் பாய்கின்றது. மேக்கொங் வடிந்ததும் ஏரி மேடாகி விடுகின்றது. தண்ணீர் திரும்பி விடுகின்றது. அவ்வளவுதான் சங்கதி.

வெள்ளம் செய்யும் வேலை

காரணம் சாதாரணமாயிருந்தாலும் காரியம் மிகப் பெரியது. கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பும் இடுப்பளவு ஆழமுமாக இருக்கிற ஏரி, வெள்ளம் புகுந்ததும் நாலைந்து மடங்கு பரந்து விடுகின்றது. ஆழமும் எட்டு, ஒன்பது மீட்டர் ஏறி விடுகின்றது. சுற்றிலும் உள்ள காடு கழுத்து வரையில் தண்ணீரில் நிற்கின்றது.

நம் கண்ணுக்கு இது நாசமாகத் தெரியும். ஆனால் மீனின் கண்ணுக்கு அது கலியாணப் பந்தல். உலர்ந்த நிலத்தில் எட்டு மாதமாகச் சேர்ந்து கிடந்த சருகு, சாணம், புல், புழு, பூச்சி எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறி இரையாகின்றன. மரத்திலிருந்து விழுகிற பழங்களைத் தின்கிற மீன்களும் உண்டு. தண்ணீருக்குள் நிற்கிற மரக்கிளைகள் குஞ்சுகளுக்கு மறைவிடமாகின்றன. மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் வெள்ளத்தோடு மிதந்து வந்து இந்தக் காட்டுக்குள் புகுந்து கொழுக்கின்றன. தண்ணீர் வடியும்போது கொழுத்த மீன் ஆற்றுக்குத் திரும்புகின்றது. மனிதன் வலையோடு காத்திருக்கின்றான். அப்போது பிடிபடும் சின்னஞ்சிறு மீன் ஒன்றுக்கு ரியல் என்று பெயர். அந்தத் தேசத்து நாணயத்துக்கும் ரியல் என்றே பெயர். அதை உப்பிட்டுப் புளிக்க வைத்துப் பிராஹோக் என்று வருஷம் முழுதும் ஏழைகள் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுகின்றார்கள்.

அங்கோர் அரசர்கள் கட்டிய பெரிய கட்டிடங்களெல்லாம் இந்த ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் பாயோன் என்கிற கோவிலின் சுவரில் மீனும், வலையும், படகும் செதுக்கியிருக்கின்றார்கள். கல் செதுக்கினவனும் மீன் தின்றுதானே செதுக்கியிருப்பான்! மேக்கொங்கின் கீழ்ப்பகுதியில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் இருபது லட்சம் டன் மீன் பிடிபடுவதாகக் கணக்கிட்டிருக்கின்றார்கள். உலகத்தில் வேறெந்த ஆற்றிலும் இவ்வளவு மீன் பிடிபடுவதில்லை என்று சொல்லுகின்றார்கள்.

இப்படி வெள்ளம் ஏறுவதும் இறங்குவதுமே பெரிய ஆறுகளுக்கு உயிர் என்பதை, தென்னமெரிக்காவில் அமேசான் ஆற்றில் பல வருஷம் வேலை செய்த யுங்க் என்னும் ஜெர்மானியரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் 1989-இல் ஒரு கொள்கையாகவே எழுதினார்கள். மனிதனுக்கு நாடித் துடிப்பு எப்படியோ அப்படி ஆற்றுக்கு வெள்ளம் என்பது அவர்கள் கருத்து. இதில் தவறாமல் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எவ்வளவு தண்ணீர் என்பது மாத்திரமல்ல. எந்த மாதத்தில், எவ்வளவு நாள், எவ்வளவு உயரம் என்பதும் முக்கியம். ஒருவனுக்கு வருஷத்துக்கு வேண்டிய சாப்பாட்டை மொத்தமாக எடை போட்டு ஒரே நாளில் கொடுத்து விட்டு, கணக்கு சரியாகப் போயிற்று என்று சொன்னால் அவன் பிழைப்பானா?

கணக்கில் எழுதாத வரும்படி

இனி, அணைகளின் சங்கதிக்கு வருவோம். அணை கட்டுவதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. விளக்கு வேண்டும், யந்திரம் ஓட வேண்டும், வயலுக்குத் தண்ணீர் வேண்டும். லாவோஸ் போன்ற ஏழை தேசம் தன் ஆற்றைக் கொண்டு மின்சாரம் செய்து விற்றுப் பிழைக்க நினைப்பதை, பலவித சௌகரியங்களோடு இருக்கிற நாம் குற்றம் சொல்லுவது யோக்கியமல்ல. நாம் கேட்பதெல்லாம், லாப நஷ்டக் கணக்கை முழுதும் எழுதினீர்களா என்பதுதான்.

தாய்லாந்தில் மூன் என்று ஓர் ஆறு இருக்கின்றது. அது மேக்கொங்கில் கலக்கும் இடத்துக்கு ஐந்தரை கிலோமீட்டர் மேலே, உலக பாங்கி கொடுத்த கடனையும் சேர்த்து, 1994-இல் பாக் மூன் என்கிற அணையைக் கட்டி முடித்தார்கள். 136 மெகாவாட் மின்சாரம் வரும் என்றார்கள். பெரிய நீர்த்தேக்கம் இல்லாத சிறிய அணை, ஆதலால் தொந்தரவு அதிகமில்லை என்றார்கள். மீன் ஏறுவதற்கு ஒரு படிக்கட்டும் கட்டினார்கள்.

பிறகு 2000-த்தில் உலக அணைகள் கமிஷன் என்கிற ஒரு சபை இதை ஆராய்ந்து பார்த்தது. அணைக்கு முன்னே அந்த ஆற்றுப் பிரதேசத்தில் 265 வகை மீன்கள் எழுதப்பட்டிருந்தன. பின்னே அணைக்கு மேற்பக்கத்தில் கண்டது 96 வகைதான். மேற்பக்கத்தில் பிடிபடும் மீன் நூற்றுக்கு 60 முதல் 80 வரையில் குறைந்து போயிற்று. மீன்படிக்கட்டு பெரும்பாலான மீன்களுக்குப் பயன்படவில்லை. சுமார் 1,700 குடும்பங்கள் வீட்டையோ நிலத்தையோ இரண்டையுமோ இழந்தன. மின்சாரமாவது சொன்னபடி வந்ததா என்றால், மிக அவசியமான நேரத்தில் அதை நம்பி எடுக்கக் கூடியது சொன்னதில் ஒரு சிறு பங்குதான் என்று கமிஷன் கணக்கிட்டது.

இந்தத் தவறு எப்படி வந்தது? அணைக்காரர்கள் எல்லாரும் அயோக்கியர்கள் என்று சொல்லி விட்டால் பிரசங்கம் சுலபமாக முடிந்து விடும். ஆனால் உண்மை அவ்வளவு சுலபமல்ல. சிமிட்டிக்கு ரசீது உண்டு. இரும்புக்கு ரசீது உண்டு. யூனிட்டுக்கு விலை உண்டு. ஆற்றங்கரையில் ஒரு கிழவி காலையில் பறியைத் தூக்கிப் பார்த்து அன்றைய குழம்புக்கு நாலு மீன் எடுத்துக் கொண்டு போகின்றாளே, அதற்கு ரசீது ஏது? ரசீது இல்லாததை வரும்படி இல்லை என்று எழுதி விட்டார்கள். வரும்படி இல்லாத இடத்தில் நஷ்டம் எப்படி வரும்? ஆகவே நஷ்டமும் இல்லை என்று ஆயிற்று. அவ்வளவுதான் நடந்தது.

செம்படவர் செய்த ஆராய்ச்சி

தோழர்களே! இனிச் சொல்லப் போவதுதான் இன்றைய பிரசங்கத்தின் முக்கியமான பாகம். மூன் ஆற்றுக் கரையிலிருந்த ஜனங்கள் பல வருஷம் போராடினார்கள். அணைக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் சர்க்கார் 2001 ஜூன் மாதத்தில் மதகுகளைத் திறந்து விட்டு, சிலகாலம் ஆராய்ந்து பார்ப்பதாக ஒப்புக் கொண்டது. ஒரு சர்வகலாசாலையை ஆராயச் சொன்னது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? பெரிய படிப்பாளிகள் வந்து சொல்லட்டும் என்று கையைக் கட்டிக் கொண்டிருக்கவில்லை. நாங்களும் ஆராய்ச்சி செய்வோம் என்று கிளம்பினார்கள். அதற்குத் தாய் பான் ஆராய்ச்சி, அதாவது கிராமத்தார் ஆராய்ச்சி, என்று பெயர் வைத்தார்கள். எவற்றை ஆராய்வது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்: மீன்கள், மீன் பிடிக்கும் கருவிகள், ஆற்றிலுள்ள பாறை, மடு, சுழல், கரையிலுள்ள செடிகொடிகள், கரையோரத் தோட்டம், குடும்பங்களின் பிழைப்பு. தங்கள் வலையில் விழுந்த மீனைக் கொண்டு வந்து வைத்தார்கள். அதன் பெயர் என்ன, எந்த மாதத்தில் ஏறும், எங்கே முட்டையிடும், எதைத் தின்னும் என்பதைக் கூடி உட்கார்ந்து பேசினார்கள். ஒருவன் சொன்னதை மற்றவர்கள் மறுத்தால் மறுபடியும் பார்த்துச் சரி செய்தார்கள். எழுத்து வேலைக்கு மாத்திரம் ஆற்றுப் பாதுகாப்புச் சங்கத்துப் படித்த வாலிபர்கள் உதவி செய்தார்கள்.

மதகு திறந்திருந்த அந்தக் காலத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வகை மீன்கள் மூன் ஆற்றுக்குத் திரும்பி வந்ததை அவர்கள் எழுதி வைத்தார்கள். வெளியூருக்குக் கூலிக்குப் போனவர்களில் சிலர் மீன் திரும்பினதும் ஊருக்குத் திரும்பி வந்ததையும் எழுதி வைத்தார்கள். சர்வகலாசாலைக்காரர்களும் மதகு திறந்ததால் மீனும் பிழைப்பும் மேம்பட்டதையே கண்டார்கள்.

தோழர்களே, இதில் நம் மனதைத் தொடுகிற விஷயம் எது? ஆராய்ச்சி என்பது பட்டம் பெற்றவர்களுக்கு மாத்திரம் உரியதென்றும், மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுக் கொள்ளப் பிறந்தவர்களென்றும் ஓர் எண்ணம் உலகமெங்கும் இருக்கின்றது. தலைமுறை தலைமுறையாக ஒரு ஜாதிக்குத்தான் படிப்பு என்று சொல்லக் கேட்டவர்கள் நாம். ஆகையால் அந்த எண்ணத்தின் வாசனை நமக்கு நன்றாகத் தெரியும். அந்த எண்ணத்தை மூன் ஆற்றுச் செம்படவர்கள் வாயால் மறுக்கவில்லை. செய்து காட்டி மறுத்தார்கள்.

இதனால் செம்படவன் சொல்லுகிறதை எல்லாம் அப்படியே நம்பி விடுங்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. மேக்கொங் கரையில் நாகம் உண்டு, ஆவி உண்டு, ராட்சசக் கெளுத்தி மீனைப் பிடிக்கப் பூசை போட வேண்டும் என்கிற நம்பிக்கைகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஒரு மனிதன் கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு. மீன் ஏறுகிற மாதம் அவன் கண்டது; நாகம் அவன் கேட்டது. கண்டதை எழுதிக் கொள்ளுவதும், கேட்டதைச் சோதித்துப் பார்ப்பதுமே அறிவு. இந்தச் சட்டம் படிக்காதவனுக்கு மாத்திரமல்ல, இஞ்சினீயருக்கும் உண்டு. மீன் படிக்கட்டில் ஏறி விடும் என்று சொன்ன இஞ்சினீயர் கண்டதைச் சொன்னாரா, கேட்டதைச் சொன்னாரா? வேறு தேசத்து வேறு மீன் ஏறியதைக் கேட்டுச் சொன்னார். மேக்கொங் மீனை யாரும் கேட்கவில்லை. (சிரிப்பு)

முடிவு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சர்க்கார் வருஷத்துக்கு நாலு மாதம் மதகைத் திறப்பதென்று தீர்மானித்தது. ஜனங்கள் கேட்டது வருஷம் முழுதும். முழு வெற்றியல்ல, ஆனால் ஒன்றுமில்லாமலும் போகவில்லை. அதை விடப் பெரிய பலன், இந்த முறை வேறு ஆறுகளுக்கும் பரவியதுதான். மேக்கொங் கரையில் சியாங் கோங் என்னும் ஊரிலும் ஜனங்கள் இப்படியே தங்கள் ஆற்றை எழுதினார்கள். பெரிய கப்பல்கள் போவதற்காக அங்குள்ள பாறைகளை வெடி வைத்துத் தகர்க்கும் யோசனை ஒன்று இருந்தது. பாறைகளுக்கு நடுவேதான் மீன் தங்குகின்றது, முட்டையிடுகின்றது என்பது அவர்கள் எழுத்து. பல வருஷ எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் தாய்லாந்து மந்திரிசபை அந்த யோசனையைக் கைவிட்டது.

தெரிந்தும் செய்தது

ஆனால் ஆராய்ச்சி இருந்தால் எல்லாம் சரியாகி விடும் என்றும் ஏமாந்து விடக் கூடாது. 2012-இல் சில ஆராய்ச்சிக்காரர்கள் மேக்கொங்கின் கிளையாறுகளில் கட்ட உத்தேசித்திருந்த 27 அணைகளைத் தனித்தனியே எடுத்து, எது எவ்வளவு மின்சாரம் கொடுக்கும், எது எவ்வளவு மீனைக் கெடுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். எல்லா அணையும் ஒரே மாதிரிக் கெடுதி செய்வதில்லை என்று கண்டார்கள். சில அணைகளால் மின்சாரம் மிகுதி, மீனுக்குக் கெடுதி குறைவு. சில அணைகள் அதற்கு நேர் விரோதம். மிகவும் கெடுதியானது கம்போடியாவில் கீழ் செசான் இரண்டு என்கிற அணை. அந்த ஒன்றினாலேயே முழு மேக்கொங் பிரதேசத்திலும் மீன் எடையில் நூற்றுக்கு 9.3 பங்கு குறையும் என்று சொன்னார்கள். அணை வேண்டுமானால் இன்ன இடத்தில் கட்டலாம், இன்ன இடத்தில் கட்டாதே என்று சொல்லுகிற அளவுக்கு அறிவு வந்து விட்டது.

பிறகு என்ன நடந்தது? எந்த அணையைக் கட்டாதே என்று அந்தக் கணக்கு சொல்லிற்றோ அந்த அணையையே கட்டினார்கள். 2017-இல் மதகை மூடினார்கள். மேலே இருந்த கிராமம் தண்ணீருக்குள் போயிற்று. தெரியாமல் செய்தது பாக் மூன்; தெரிந்தே செய்தது கீழ் செசான். ஆகவே அறிவு இருந்தால் மாத்திரம் போதாது. அந்த அறிவைக் கேட்டே தீர வேண்டுமென்று சொல்லுவதற்கு ஜனங்களுக்குப் பலமும் வேண்டும். ஏனெனில் மின்சாரத்தின் லாபம் போய்ச் சேருகிற இடம் வேறு. மீன் நஷ்டம் போய் விழுகிற வீடு வேறு.

மேலே சீனா பத்துக்கு மேற்பட்ட அணைகளை முக்கிய ஆற்றிலேயே கட்டியிருக்கின்றது. லாவோஸில் சயபுரி அணை 2019-இல் வேலை செய்யத் துவங்கிற்று. இவைகளால் மழைக்காலத்து வெள்ளம் தணிகின்றது. கோடைக்காலத்துத் தண்ணீர் மிகுகின்றது. கோடையில் தண்ணீர் மிகுந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் முன்னே சொன்ன நாடித் துடிப்பை நினைத்துக் கொள்ளுங்கள். 2019, 2020 வருஷங்களில் டோன்லே சாப் ஆறு திரும்புவதற்கு வெகு நாள் தாமதித்தது. ஏரிக்குள் போன தண்ணீரும் மிகக் குறைவு. இதற்கு மழை பொய்த்ததும் ஒரு காரணம். ஆற்று மணலை அள்ளி அள்ளி ஆற்றுப் படுகையே தாழ்ந்து போனதும் ஒரு காரணம். அணைகளும் ஒரு காரணம். எல்லாக் குற்றத்தையும் ஒரே தலையில் போடுவது மந்திரவாதி வேலையே தவிர ஆராய்ச்சியாளன் வேலையாகாது. அணைகளில் வண்டல் தங்கி விடுவதாலும் மணலை அள்ளி விடுவதாலும் கடைசியிலுள்ள வியட்நாம் டெல்டாவின் கரைகள் கரைகின்றன, உப்புநீர் உள்ளே ஏறுகின்றது. கடலில் வீணாய்ப் போய் விழுகின்றதென்று நினைத்த தண்ணீர்தான் இவ்வளவு காலமும் மண்ணைக் கொண்டு வந்து போட்டு, கடலை வெளியே நிறுத்தி வைத்திருந்தது என்பது இப்போது தெரிகின்றது. கம்போடியா சர்க்காரும் 2020-இல், முக்கிய ஆற்றில் பத்து வருஷத்துக்கு அணை கட்டுவதில்லை என்று ஒத்தி வைத்தது.

நம் வீட்டு வழக்கு

தோழர்களே! இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். உல்லம் என்று நம் கடற்கரையில் சொல்லுகிற மீனை, வங்காளத்தார் இலிஷ் என்று பெயர் சொன்னாலே நாக்கில் நீர் ஊறும்படி கொண்டாடுகின்றார்கள். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுகிற மீன் அது. ஒரு காலத்தில் காவிரியிலும் ஏறிற்று. 1934-இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு காவிரியில் அந்த மீன்பிடிப்பே அற்றுப் போயிற்று. மேட்டூர் அணையால் எத்தனை லட்சம் ஏக்கர் நெல் விளைந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உல்லம் போனதைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நெல்லுக்கு ரசீது இருந்தது. மீனுக்கு ரசீது இல்லை. மூன் ஆற்றில் நடந்ததற்கு அறுபது வருஷம் முந்தியே அது இங்கே நடந்து விட்டது.

ஆடிப் பதினெட்டில் புது வெள்ளத்துக்குப் பூசை போடுகின்றோம். அந்த வெள்ளம் இப்போது மேட்டூர் மதகைத் திறந்தால்தான் வருகின்றது. திறப்பதற்கு ஜூன் 12 என்று தேதியும் வைத்திருக்கின்றார்கள். அணையில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் அதுவும் இல்லை. மதகின் சாவி மனிதன் கையில் இருக்கும்போது தேங்காயை ஆற்றுக்கு உடைப்பதை விட, சாவிக்காரரிடம் நாலு கேள்வி கேட்பது பிரயோஜனமல்லவா? எவ்வளவு விடுகிறாய்? எப்போது விடுகிறாய்? வயலுக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு என்று பங்கு போடுகிறாயே, ஆறு ஆறாக இருப்பதற்கு எவ்வளவு பங்கு வைத்தாய்? முகத்துவாரத்தில் உப்பு ஏறாமலிருக்க எவ்வளவு வைத்தாய்? இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு நமக்கு முதலில் நம் ஆறு தெரிந்திருக்க வேண்டும்.

ஆகையால் உங்களுக்கு ஒரு சிறு வேலை வைத்து விட்டுப் போகின்றோம். இதற்குப் பணம் வேண்டாம். பெரிய சங்கம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இந்த ஊரில் எழுபது, எண்பது வயதானவர்கள் இருக்கின்றார்கள். மீன் பிடித்தவர்கள், படகு ஓட்டினவர்கள், வண்ணார்கள், ஆற்றங்கரையில் வெள்ளரி போட்ட பெண்பிள்ளைகள் இருக்கின்றார்கள். அவர்களிடம் வாலிபர்கள் போய் உட்காருங்கள். இந்த ஆற்றில் என்னென்ன மீன் இருந்தது, எது இப்போது இல்லை, எந்த மடு மணலால் தூர்ந்தது, எந்த மடு மணலை அள்ளியதால் பள்ளமாயிற்று, எந்த மாதத்தில் தண்ணீர் வந்தது, கிணற்றில் எத்தனை முழத்தில் தண்ணீர் இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் கேட்டுச் சரி பாருங்கள். இனிமேல் வருஷா வருஷம் நீங்கள் காண்பதைத் தேதி போட்டு எழுதி வாருங்கள். சாயத் தண்ணீரோ சாக்கடையோ வந்து விழுந்தால் அந்த நாளையும் இடத்தையும் எழுதுங்கள். பத்து வருஷத்தில் அந்த நோட்டுப் புத்தகத்துக்குப் பதில் சொல்லாமல் எந்த அதிகாரியும் தப்பித்துக் கொள்ளுவது கஷ்டம்.

கிழவர்கள் இருக்கும்போதே கேட்டு விட வேண்டும். போன பிறகு ஆறு மாத்திரம் இருக்கும். அது ஒன்றும் பேசாது. மூன் ஆற்றுச் செம்படவருக்கு இருந்த புத்தி நமக்கு இல்லாமல் போகவில்லை. நம்மை யாரும் கேட்டதில்லை. நாமும் நம்மைக் கேட்டுக் கொண்டதில்லை. ஆற்றின் கணக்கை நாம் எழுதாவிட்டால், அதைத் தங்களுக்கு வேண்டியபடி எழுதுவதற்கு ஆட்கள் தயாராக இருக்கின்றார்கள். அவர்கள் எழுதுகிற கணக்கில் நம் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்பதை நீங்களே தெரிந்து கொள்ளுங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பி விடாதீர்கள். ஆறு பக்கத்திலேயே இருக்கின்றது. நாளைக்காலையில் போய்ப் பாருங்கள்.